கர்ப்பகாலச் சர்க்கரையைக் கேட்காத செயலி: ஆறு மாதச் சந்தாவுக்குப் பின் ஒரு மதிப்பீடு

சர்க்கரை நோய் வருவதற்கு முன்பே தடுத்துவிடலாம் என்று விளம்பரம் செய்யும் கைப்பேசித் திட்டம் ஒன்றில் ஆறு மாதச் சந்தா கட்டிச் சேர்ந்திருந்தேன். சென்ற மாதம் அது முடிந்தது. கட்டணம் 7,200 ரூபாய். அன்றாட உணவுக் குறிப்பேடு, நடைக் கணக்கு, தினமும் ஐந்து நிமிடப் பாடம் ஆகியவை கொண்ட செயலியும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை உணவு ஆலோசகரின் தொலைபேசி அழைப்பும் அதில் அடக்கம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. சேர்வதற்கு முன் இதே வகையைச் சேர்ந்த வேறு இரண்டு செயலிகளை இலவசக் காலத்தில் பயன்படுத்திப் பார்த்தேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பல அவற்றிலும் அப்படியே இருந்தன. ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

எனக்கு வயது 46. கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை. அம்மாவுக்கு இருபது வருடங்களாகச் சர்க்கரை. அலுவலகத்தில் எல்லோருக்கும் எடுத்த மாஸ்டர் செக்கப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 98 என்று வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் முன்நிலை என்பது இப்போது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. "பார்டர்ல இருக்குங்க, இப்பவே பாத்துக்கிட்டா மாத்திரை வரைக்கும் போக வேண்டியதில்ல" என்றார் டாக்டர். இந்தப் பார்டரில் நிற்பவர்கள் இந்தியாவில் ஏறத்தாழ 13.6 கோடிப் பேர் என்று 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு மதிப்பிட்டது. நோய் வந்துவிட்டவர்களோ 10.1 கோடி. இத்தனை பெரிய கூட்டம் இருக்கும் இடத்தில் செயலிகள் கடை விரிப்பதில் வியப்பில்லை. கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேரும்போது செயலி என்னிடம் முப்பத்தொரு கேள்விகள் கேட்டது. வயது, உயரம், எடை, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா, எத்தனை மணி நேரத் தூக்கம், காபியா டீயா, வாரத்தில் எத்தனை நாள் வெளியில் சாப்பாடு, மனஅழுத்தம் ஒன்று முதல் பத்து வரையில் எவ்வளவு என்றெல்லாம் கேட்ட அது, இரத்தப் பரிசோதனை என்று வந்தபோது வெறும் வயிற்று அளவை மட்டும் கட்டாயமாகக் கேட்டது. ஹெச்பிஏ1சி விருப்பக் கேள்வி, தாண்டிப் போகலாம். நான் 98 என்று எழுதியதும் பச்சை வட்டம் ஒன்று சுழன்று, "உங்கள் இடர் குறைவு முதல் நடுத்தரம்" என்று அறிவித்தது. கர்ப்ப காலத்தில் எனக்குச் சர்க்கரை இருந்ததா என்று முப்பத்தொரு கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

இருந்தது. 2008-இல் இரண்டாவது பிரசவத்தின்போது ஆறாம் மாதத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்தபோது கண்டுபிடித்தார்கள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு உத்தரவிட்டிருந்தது அதற்கு முந்தைய ஆண்டில்தான், டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்கள் நெடுநாள் வலியுறுத்தியதன் பலன் அது. அன்று உணவுக் கட்டுப்பாட்டிலேயே சமாளித்தேன், பையன் நல்லபடியாகப் பிறந்தான், பிறகு வீட்டில் எல்லோரும் அதை மறந்தோம், நானும் மறந்தேன். கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்கு, வராத பெண்களைவிடப் பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009-இல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. தடுப்புத் திட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக் கேட்காமல் காபியா டீயா என்று கேட்பதை வடிவமைப்பில் நேர்ந்த சிறு மறதி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கேள்விகளை எழுதியவர்கள் மனத்தில் யாரை வைத்து எழுதினார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

என்னைச் சரியாகக் கேட்டது மூன்றாவது வாரத்தில் அழைத்த உணவு ஆலோசகர். ஈரோட்டுப் பக்கத்துப் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவராக இருப்பார். அம்மாவின் சர்க்கரையைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது இடைமறித்து, "மேடம், உங்க பிரசவ சமயத்துல சர்க்கரை ஏதும் சொன்னாங்களா?" என்றார். ஆமாம் என்றதும் சில நொடிகள் பேச்சில்லை. விசைப்பலகையின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, வெறும் வயிற்று அளவை நம்ப வேண்டாம், உங்கள் டாக்டரிடம் கேட்டு ஜிடிடி, அதாவது குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை, எடுங்கள் என்றார். எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் ஆய்வகத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்து கொடுத்த இரத்தத்தில் 168 என்று வந்தது. 140 முதல் 199 வரை இருந்தால் உடல் குளுக்கோஸைச் சமாளிக்கத் திணறுகிறது என்று பொருள். செயலியில் அந்த எண்ணைப் பதிவதற்குக் கட்டமே இல்லை. ஆலோசகர் அதைக் 'குறிப்புகள்' பகுதியில் எழுதிவைத்தார்; பச்சை வட்டம் பச்சையாகவே இருந்தது.

இந்த இரண்டு மணி நேர அளவை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அந்த நிறுவனத்தின் விளம்பரப் பக்கத்தில், கைப்பேசி வழியாகச் சர்க்கரையைத் தடுக்கலாம் என்பது சென்னையிலேயே நிரூபிக்கப்பட்டது என்ற வாசகம் இருக்கிறது. அது பொய்யில்லை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு 2009 முதல் 2012 வரை நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. வாழ்க்கைமுறையை மாற்றத் தூண்டும் குறுஞ்செய்திகளைச் சாதாரணக் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். அப்படிச் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும், தொடக்கத்தில் அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் இரண்டு ஆண்டுகளில் சர்க்கரை வந்தது. ஆனால் அந்த 537 பேரைத் தேர்ந்தெடுக்க 8,741 பேரைப் பரிசீலித்தார்கள். எடுத்துக்கொண்டவர்கள் அனைவரும் குளுக்கோஸ் குடித்துப் பார்த்து இரண்டு மணி நேர அளவு கூடியிருந்தவர்கள். தவிர, அனைவரும் வேலைக்குப் போகும் ஆண்கள், 35 முதல் 55 வயதுக்குள். அந்த முடிவை அப்படியே எடுத்து, வெறும் வயிற்று அளவை மட்டும் கேட்கும் ஒரு செயலிக்கு, அதுவும் என்னைப் போன்ற பெண்ணிடம் விற்பதற்கு, சான்றிதழாக ஒட்டியிருக்கிறார்கள்.

அதே வழிமுறையை இந்தியாவிலும் பிரிட்டனிலுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. அதில் ஆட்களைச் சேர்த்தது ஹெச்பிஏ1சி அளவை வைத்து. இரண்டு ஆண்டு முடிவில் செய்தி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. விளம்பரப் பக்கத்தில் இந்த ஆய்வைக் காணோம். இன்னொரு சென்னை ஆய்வும் இங்கே நினைவுக்கு வருகிறது. டாக்டர் வி. மோகனின் ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி 2016-இல் வெளியிட்ட டி-கிளிப் என்னும் அந்த ஆய்வில், முன்நிலையில் இருந்த 578 பேரில், நேரடி வகுப்புகளும் தேவைப்பட்டால் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரையும் பெற்றவர்களுக்குச் சர்க்கரை வரும் இடர் மூன்றாண்டுகளில் 32 சதவீதம் குறைந்தது. வெறும் வயிற்று அளவு மட்டும் கூடியிருந்தவர்களுக்குப் பலன் மிகச் சிறிது. இரண்டு அளவுகளும் கூடியிருந்தவர்களுக்கே பெரும்பலன். யாரைச் சேர்க்கிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் எத்தனை அழகான திரை வரைந்தும் பயனில்லை என்று நான் கருதுவது இதனால்தான். டாக்டர் மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட இடர் மதிப்பெண் முறையில் கேள்விகள் நான்கே: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா. அதிலும் கர்ப்பகாலக் கேள்வி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது தெருவில் போகிற யாரையும் ஓர் அங்குல நாடாவை வைத்துக்கொண்டு சலித்தெடுப்பதற்கான கருவி. ஆறு மாதச் சந்தா வாங்கிக்கொண்டு தனி ஆளுக்கென்று திட்டம் வகுப்பதாக அது சொல்வதில்லை.

இனி உணவுக் குறிப்பேடு. திட்டத்தின் உயிர்நாடி என்று அவர்கள் சொல்வது இதைத்தான்; நான் அதிகமாகச் சலித்துக்கொண்டதும் இதனிடம்தான். 'தோசை, 1 எண்ணம்' என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் வீட்டில் தோசை என்பது ஒரே பொருள் அல்ல. பையனுக்கு முறுகலாக ஒரு கரண்டி மாவை விரித்து ஊற்றுவேன். மாமியாருக்கு மெத்தென்று கல்தோசை, ஒன்றரைக் கரண்டி. எனக்குக் கடைசியில் மிஞ்சும் மாவை வழித்து ஊற்றுவது, அதன் அளவு அன்றைய மிச்சத்தைப் பொறுத்தது. ஒருநாள் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பையனின் தோசையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது நான் சாப்பிட்டது. செயலியின் கணக்கில் இரண்டும் ஒன்று. மதியச் சாப்பாடும் அப்படித்தான்: சோறு எத்தனை கிராம் என்று கேட்கிறது. தட்டில் போட்டுக்கொண்டு, குழம்புக்கு ஒருதரம், ரசத்துக்கு ஒருதரம், மோருக்குக் கொஞ்சம் என்று சாப்பிடும் வீட்டில் கிராம் எங்கிருந்து வரும்? எத்தனை கரண்டி என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இந்த ஒரு மாற்றத்துக்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் பயன்படுத்தலாம் என்ற வசதி இருக்கிறது, அதற்காகவே இந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தேன். தொடர்ந்து ஏழு நாள் பதிவு செய்தால் பாராட்டும். ஒருநாள் விட்டால், "உங்கள் கோடு முறிந்தது" என்று செய்தி வரும். தொடர்ச்சி விட்டுப்போனது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். முதல்முறை அதைப் படித்தபோது கைப்பேசியின் திரையில்தான் கீறல் விழுந்துவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். பொரியல் அனைத்தும் 'கறி' என்ற தலைப்பில் இருக்கின்றன. கொங்கு நாட்டில் கறி என்றால் ஆட்டுக்கறி. புரட்டாசிச் சனிக்கிழமையன்று 'வெண்டைக்காய் கறி' என்று நான் பதிவதை மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வியை இங்கே எழுத வேண்டாம்.

நடைக் கணக்கில் உள்ள பிழை சிரிப்புக்கு உரியதல்ல. நாளுக்கு எட்டாயிரம் அடி என்று இலக்கு வைத்தார்கள். கைப்பேசி உடம்போடு இருந்தால்தான் அது எண்ணும். காலை ஐந்தரை முதல் எட்டு வரை சமையலறைக்கும் கூடத்துக்கும் மொட்டைமாடிக்குமாக நான் நடக்கும்போது கைப்பேசி குளிர்பதனப் பெட்டியின் மேல் சார்ஜில் கிடக்கும், ஏனென்றால் நைட்டிக்குப் பை கிடையாது. அலுவலகத்தில் சேலைக்கும் கிடையாது. கைப்பேசி மேசையில் இருக்கும், நான் கோப்போடு கிடங்குவரை போய்வந்திருப்பேன். மாலையில் செயலி, "இன்று நீங்கள் மிகக் குறைவாகவே அசைந்தீர்கள்" என்று சொல்லும். என் கணவர் சட்டைப்பையில் கைப்பேசியோடு டீக்கடைக்குப் போய்வந்தாலே அவருக்கு ஆயிரம் அடி ஏறிவிடுகிறது. கைக்கடிகாரம் ஒன்றை வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும் என்று உதவிப் பிரிவில் பதில் சொன்னார்கள். அது சந்தாவில் சேராது.

அறிவிப்புகள் நாளொன்றுக்கு ஆறேழு. காலை ஏழு மணிக்கு, அதாவது மூன்று டிபன் பாக்ஸ்களை ஒரே நேரத்தில் மூடிக்கொண்டிருக்கும் வேளையில், "ஆழ்ந்து மூச்சு விடுங்கள்" என்று ஒன்று வரும். நேரத்தை மாற்ற வழியில்லை. எல்லாவற்றையும் நிறுத்தலாம் அல்லது எல்லாவற்றையும் பெறலாம். முன்பு சொன்ன 2013-ஆம் ஆண்டு ஆய்வில், செய்தி எப்போது வர வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டே அனுப்பினார்கள். மாறுவதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்று, மாறத் தொடங்கிவிட்டவருக்கு வேறொன்று என்று வாசகங்களையும் பிரித்து வைத்திருந்தார்கள். பட்டன் கைப்பேசியில் செய்த அந்த வேலையைப் பதினைந்தாயிரம் ரூபாய்க் கைப்பேசியில் செய்ய முடியாமல் போனது வேடிக்கைதான். பத்தாம் நாள் நான் அறிவிப்புகள் அனைத்தையும் நிறுத்திவிட்டேன்.

திட்டம் எனக்கு விதித்த முதன்மை இலக்கு, எடையில் 7 சதவீதம் குறைப்பது. என் எடை 61 கிலோ. ஆக நான்கேகால் கிலோ. இந்த 7 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 2002-இல் முடிவுகள் வெளியான அமெரிக்கத் தடுப்பு ஆய்விலிருந்து: எடையில் 7 சதவீதம், வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்று அங்கே இலக்கு வைத்தார்கள், 3,234 பேர் பங்கேற்ற அதில், வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு இடர் 58 சதவீதம் குறைந்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அதில் சேர்ந்தவர்களின் சராசரி உடற்பருமன் நம்மூர்க்காரர்களைவிட மிகவும் அதிகம். நம்மூரில், 2006-இல் வெளியான இந்தியத் தடுப்பு ஆய்வில், 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தபோது, எதுவும் செய்யாத குழுவில் 55 சதவீதத்தினருக்கும் உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் 39 சதவீதத்தினருக்கும் சர்க்கரை வந்தது. இந்தப் பலன் கிடைத்தது சராசரி எடை குறையாமலேயே. நாம் மெலிந்த உடம்பிலேயே சர்க்கரையை வாங்கிக்கொள்கிறவர்கள். அப்படியிருக்க, நான்காம் மாத முடிவில் என் எடை ஒன்றேகால் கிலோ மட்டும் இறங்கி, இடுப்புச் சுற்றளவு மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தபோது, செயலி எனக்குச் சிவப்பு அம்பைக் காட்டி, "நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள்" என்றது. இடுப்பைப் பதியக் கட்டம் இருந்தது. அதை வைத்து அது எதையும் கணக்கிடவில்லை. அந்த வாரம் நான் செயலியைத் திறக்கவேயில்லை. என்னைப்போல் எத்தனை பேர் அந்த அம்போடு நிறுத்திக்கொண்டிருப்பார்கள் என்று நிறுவனம் கணக்கெடுத்தால் நல்லது.

உணவுத் திட்டம் என்று வந்தது என் பெயருக்கு மட்டும் வந்தது: காலை ஓட்ஸ், மதியம் தினை உப்புமா, இரவு சிறுதானியத் தோசை. ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் எனக்கு மட்டும் தனியுலை வைப்பது யார்? நான்தான். ஆகவே அந்தத் திட்டம் எனக்கு ஒதுக்கிய அரை மணி நேர நடையைத் தானே விழுங்கிவிட்டது. சிறுதானியத்தின் மேல் இவர்களுக்கு இருக்கும் பக்தியும் கேள்விக்கு உரியதே. ஐசிஎம்ஆர் ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-இல் வெளியாயிற்று. இந்தியர்களின் உணவாற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், தீட்டிய தானியத்துக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் இடர் குறைவதாகத் தெரியவில்லை என்றும், மொத்த மாவுச்சத்தில் கொஞ்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைப்பதே பலனோடு தொடர்புடையது என்றும் அது சொல்கிறது. ஆறு தினைத் தோசையும் ஆறு தோசைதான்.

இந்த இடத்திலும் என்னைக் காப்பாற்றியது ஆலோசகரே. இரண்டாவது அழைப்பின்போதே மேடம் போய் அக்கா வந்துவிட்டது. "உங்களுக்குத் தனியா எதுவும் செய்ய வேண்டாங்க்கா. வீட்டுக்கு எத்தனை டம்ளர் அரிசி போடறீங்க?" என்று கேட்டார். மூன்று என்றேன். இரண்டரை போடுங்கள், யாருக்கும் சொல்லாதீர்கள், அன்று சுண்டலோ கூட்டோ ஒன்று கூடுதலாக இருக்கட்டும், பொரியலை முதலில் பரிமாறுங்கள், சோற்றுப் பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராமல் அடுப்புமேடையிலேயே வைத்துவிடுங்கள் என்றார். முதல் வாரம் பையன் மட்டும் எழுந்துபோய் இன்னொருமுறை போட்டுக்கொண்டான். அவன் வயதுக்கு அது வேண்டியதுதான். மற்ற யாரும் எழவில்லை. இருபது வருடங்களாக எங்கள் வீட்டில் இரண்டாம் பரிமாறலை நான் கேட்காமலேயே செய்துவந்திருக்கிறேன் என்பதும், நான் சாப்பிட்டதில் பாதி கேட்காமல் விழுந்தது என்பதும் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. மாமியாரின் சர்க்கரையும் அடுத்த பரிசோதனையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் சந்தா கட்டவில்லை.

குழு வசதி என்ற பெயரில் நாற்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். காலை வணக்கப் படங்கள், வெந்தயத் தண்ணீர், யாரோ ஒருவரின் பாகற்காய்ச் சாறு. கேரளத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தில் அக்கம்பக்கத்தினரையே சிறு குழுக்களாகச் சேர்த்து, அவர்களுக்குள்ளிருந்தே வழிநடத்துபவரையும் தேர்ந்தெடுத்து நடத்திய திட்டத்தில்கூட, 1,007 பேரைக் கவனித்தும், சர்க்கரை வருவது உறுதியாகச் சொல்லுமளவுக்குக் குறையவில்லை என்று 2018-இல் எழுதினார்கள். உணவுப் பழக்கம் போன்றவற்றில் முன்னேற்றம் இருந்தது. முகம் தெரிந்தவர்களிடையே அந்த நிலை என்றால், முகம் தெரியாத நாற்பது பேரிடம் என்ன எதிர்பார்ப்பது? மூன்றாம் நாள் அதை ஒலியடைத்தேன்.

நான்காம் மாதத்தில் என் ஆலோசகர் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்தவர் வயது, உயரம், எடையிலிருந்து மறுபடியும் தொடங்கினார். முந்தையவர் குறிப்பில் எழுதிவைத்த 168 அவர் திரையில் தெரியவில்லை. ஐந்தாம் மாதம் மூன்றாமவர். இவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரை அழைக்க வேண்டும் என்று ஒருவரிடம் கேட்டேன், அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். பணத்தை எங்கே செலவழிப்பது என்ற முடிவுதான் பிழை. நான் கட்டிய 7,200 ரூபாய்க்கு உண்மையான மதிப்பு கிடைத்தது அந்த முதல் ஆலோசகரோடு பேசிய ஏழெட்டு அழைப்புகளில். திரையில் சுழலும் வட்டங்களைக் குறைத்து அவருக்குச் சம்பளத்தைக் கூட்டியிருந்தால் அவர் இருந்திருப்பார்.

இன்னொன்றும் உண்டு. சேர்ந்த இரண்டாம் மாதத்திலிருந்து, நான் கேள்விப்பட்டேயிராத ஆய்வகங்களிலிருந்தும் காப்பீட்டு முகவர்களிடமிருந்தும், "சர்க்கரைக்கான சலுகைத் தொகுப்பு" என்று அழைப்புகள் வரத் தொடங்கின. செயலிதான் எண்ணைக் கொடுத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் என் விவரங்களை அழித்துவிடும்படி கேட்பதற்குச் செயலியில் எங்கும் பொத்தான் இல்லை. மின்னஞ்சல் அனுப்பினால் பரிசீலிப்போம் என்றார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே நிறைவேறிவிட்ட நாட்டில் இது பரிசீலிக்கிற விஷயம் அல்ல. சந்தா முடிந்த மறுநாள் என் ஆறு மாதப் பதிவுகளைப் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள், புதுப்பித்தால் திறக்கும்.

ஆறு மாத முடிவில் மறுபடியும் குளுக்கோஸ் குடித்தேன். 168 இருந்த இடத்தில் 149, ஹெச்பிஏ1சி 5.9. ஒரே ஆளின் இரண்டு அளவுகளை வைத்துத் திட்டம் பலித்தது என்று சொல்வது அவர்களுடைய விளம்பரத்தைப்போலத்தான் ஆகும். ஜிடிடி அளவு ஒருவருக்கே நாளுக்கு நாள் மாறக்கூடியது. டாக்டர் ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. மாதம் ஒருமுறை எங்கள் பகுதியிலேயே ஒரு டயட்டீஷியனை நேரில் பார்க்க 400 ரூபாய் ஆகிறது. ஆறு மாதத்துக்குக் கணக்கிட்டால் 2,400. தனியாக வசிப்பவர், தானே சமைத்துத் தானே சாப்பிடுபவர், கைப்பேசியைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவர் என்றால் இந்தச் செயலி ஓரளவுக்கு உதவக்கூடும். அவரும் சேர்வதற்கு முன் இரண்டு மணி நேர அளவை எடுத்துக்கொண்டு சேரட்டும்.

சந்தா முடியும் வாரத்தில் நட்சத்திர மதிப்பீடு கேட்டார்கள்; இரண்டு கொடுத்தேன். கர்ப்பகாலக் கேள்வி இல்லாததைப் பற்றித் தனியாக மின்னஞ்சல் எழுதினேன். ஒன்பது நாள் கழித்து நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. நம்பிக்கையில்லாமல்தான் இருந்தேன், ஆனால் போன வாரம் வந்த புதிய பதிப்பில் அந்தக் கேள்வி சேர்ந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர், ஐம்பது வயது, இரண்டு பெண்களையும் தொண்ணூறுகளில் ஊரில் பெற்றவர், அதை நிறுவிக்கொண்டு பதிவு செய்யும்போது என்னிடம் கைப்பேசியை நீட்டினார். "கர்ப்ப காலத்தில் உங்களுக்குச் சர்க்கரை இருந்ததா?" என்று கேட்டு, கீழே ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள். "அப்பல்லாம் எங்களுக்குப் பாக்கவே இல்லையே, எதை அமுக்கறது?" என்றார்.